அசனப் பந்திக்கு நான் வைத்த சட்டம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் வாசலை ஒரு மத்தியானம் முழுக்க நான்தான் காவல் காத்தேன். விளாத்திகுளம் பக்கத்துக் கிறிஸ்தவர்களான நாங்களும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். வருசத்துக்கு ஒருநாள் அங்கே அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு கொடுத்த அரிசியும் காய்கறியும் பெரிய கிடாரங்களில் வெந்து, கறிக்குழம்பு மணக்க, வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுகிற விருந்து. என்ன சாமி கும்பிடுகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் டிராக்டரில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள்.

அந்த வருசம் ஞாயிறு பள்ளி அக்கா, பைபிள் வசனம் ஒன்றைச் சொல்கிற பிள்ளைகளுக்கு முதல் பந்தி என்று அறிவித்து, கேட்டு உள்ளே விடும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தாள். மீட்பு என்பது நம்புகிறவர்களுக்குக் கடவுள் சும்மா கொடுப்பது, நம் நற்செயல்களுக்குக் கூலி அல்ல, ஆகவே யாரும் பெருமையடிக்க வழியில்லை என்பதுதான் அந்த வசனத்தின் சாரம். அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிள்ளைகளோடு நிறுத்தியிருக்கலாம். நான் அப்பாவின் மகள். ஞாயிற்றுக்கிழமை சினிமாப் பாட்டு கேட்கக்கூடாது, பல்லாங்குழி ஆடக்கூடாது என்று வீட்டிலேயே ஆயிரம் சட்டம் வைத்திருந்தவர் அப்பா. பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், பெரியவர்களுக்கு ஒரு நியாயமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருகிற பெரியவர்களையும் மறித்துக் கேட்க ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரே இரண்டு வார்த்தையை விழுங்கினார். வயதானவர், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் சித்தப்பா வந்தார்.

அவர் நாலு வருசமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, ஊரறிய நடக்கவேண்டிய கல்யாணத்தை அவர் நாகலாபுரத்து இந்துச் சம்சாரி வீட்டுப் பெண்ணோடு ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துக்கொண்டார். "இனி நீ கோயில் வாசப்படி ஏறப்படாது" என்று சொன்னவர் அப்பாதான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ரெண்டு பேரையும் ஒரு பந்தியில் உட்கார வையும் ஆண்டவரே என்று அம்மா தினமும் ஜெபிப்பாள். அந்த வருசம் அப்பாவுக்குத் தெரியாமல் போன் போட்டு அவரைக் கூப்பிட்டதும் அம்மாதான்.

முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்ள, சித்தப்பா காலை இழுத்து இழுத்து வந்தார். சித்தி கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"வசனம் சொல்லுங்க சித்தப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். "எல்லாம் மறந்துபோச்சே தாயி."

"அப்ப உள்ள போவ முடியாது."

"உங்கப்பா சொன்னாவளா?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அப்பாவின் சட்டமும் என் சட்டமும் வேறுவேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சித்தப்பா என் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி நடந்தார். அப்பாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோசம்.

பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டாள். "ஏங்க, உங்க தம்பி வந்துட்டுத் திரும்பிப் போறாவ!" என்று ஊரே திரும்பும்படி கத்தினாள்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அப்பா வாளியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினார். வேட்டியெல்லாம் குழம்பு. ஒரு செருப்பு சகதியில் புதைந்து நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை.

"ஏலே, நில்லுலே! சோறு ஆறிப்போவுது, எங்கலே போற?"

சித்தப்பா நின்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தடியைப் பார்த்து, "நீயும் வா தாயி, ஏன் அங்கன நிக்க?" என்றார். மூன்று பேரும் மண் கால்களோடு என்னைத் தாண்டி உள்ளே போனார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, அவிய வசனமே சொல்லல!"

"நான் மட்டும் சொன்னனா?" என்று கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். அப்பா கோயிலுக்குள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணையும் மூக்கையும் துடைத்தாள்.

வசனத்துக்கு முதல் பரிசாக எனக்கு ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. ஒரு வரிகூடச் சொல்லாத சித்தப்பாவுக்கோ முதல் பந்தியில் தலைவாழை இலை. இது என்ன நியாயம் என்று ஒரு வாரம் பொருமினேன். அதைவிட, அவர் சாப்பிட்ட லட்சணம்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டே இருந்தார். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டக்கூடத் தெரியாத மனிதர் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.