சின்னான் குரல் வந்த பக்கம்

மழைக்காலம் முடிந்திருந்த சமயம், ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் வலது காது கேட்கவில்லை. சளி அடைத்திருக்கும் என்று ஆவி பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் ஒரு பெண் சந்தேகம் கேட்டாள். கேள்வி தெளிவாகத்தான் காதில் விழுந்தது. கேட்டது யார் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

சேலத்தில் காது டாக்டரிடம் போனோம். நரம்பு கெட்டுவிட்டது, மாத்திரையில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். திரும்பவில்லை.

"ஒரு காது நல்லா இருக்கேம்மா, அது போதும். சத்தம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு மட்டும் தெரியாது. அதுக்கு ரெண்டு காதும் வேணும். ரோடு கிராஸ் பண்றப்ப பாத்து கிராஸ் பண்ணுங்க."

அவர் ரோட்டை நினைத்துச் சொன்னார். நான் கல்வராயன் மலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் நான் விலங்கியல் டீச்சர். லீவு கிடைத்தால் மலைக்குப் போய்ப் பறவை பார்ப்பேன். பார்ப்பது என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் அது கேட்பதுதான். புதருக்குள் இருப்பதை முதலில் காது பிடிக்கும், அதற்குப் பிறகுதான் கண் போகும்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். என்னைத் தனியாக மலைக்கு அனுப்ப அவருக்கு மனம் வராது. கூடவே வருவார். ஆனால் பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துகொள்வார். நான் மட்டும் உள்ளே போய்வருவேன். கல்யாணமான நாளிலிருந்து யாருடைய குரலுக்கும் பதில் சொல்லாமல் நான் இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அதை அவரிடம் சொன்னதில்லை.

நான் தேடிப் போவது மஞ்சள் தொண்டைச் சின்னானை. மைனாவைவிடச் சின்னது. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அந்தக் குன்றுகளிலும் எல்லா இடத்திலும் இருக்காது. பாறை வேண்டும், பாறை இடுக்கில் முள்ளும் அத்தியும் வேண்டும். வெள்ளிமலைக்கு அந்தப்புறம் ஒரு பாறைச் சரிவில் ஒரு ஜோடி இருந்தது எனக்குத் தெரியும்.

காது போன பிறகு நான் மலைக்குப் போகவில்லை. கோடை விடுமுறையில் ஒரு நாள் அவராகவே பேச்சை எடுத்தார்.

"இன்னாம்மா, பைனாகுலர எடுத்து மாசக்கணக்காவுது. கெளம்பு, போய்ட்டு வரலாம்."

"அங்க போயி இன்னாங்க பண்றது?"

"சும்மா காத்தாட வா."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறினோம். பாறைச் சரிவு தெரியும் வளைவுக்கு வந்ததும் அவர் பைக்கை நிறுத்தினார். சரிவின் கீழ்ப்பாதி கருகிக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண், பங்குனியில் தீப்பிடித்தது என்றாள். யார் வைத்தார்களோ, தானாகப் பிடித்ததோ தெரியாது, அணைக்க நாலு ஊர் ஆட்கள் வந்தார்கள் என்றாள். நாங்கள் நடந்தபோது காலடியில் சாம்பல் கிளம்பியது. இந்த முறை அவர் பைக்கோடு நிற்கவில்லை, என்னோடு வந்தார்.

மேலே தீ ஏறாத இடத்தில் ஓர் அத்திமரம் தப்பித்திருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல் வந்தது, தண்ணீர் கொப்பளிப்பது போல, அவசரமாக. எனக்கு உடம்பு சிலிர்த்தது. குரல் எல்லாப் பக்கமும் இருந்தது. மேலா, கீழா, முன்னாலா, பின்னாலா? பைனாகுலரை எடுத்து எதிரிலிருந்த பாறையெல்லாம் துழாவினேன். குரல் நின்றுவிட்டது.

"பாத்தியா?" என்றார் அவர்.

"எங்க?"

"தோ, ஒனக்குப் பின்னாலதான். அந்த முள்ளு மேல உக்காந்திருந்திச்சி. தொண்ட மஞ்சளா இருந்திச்சி."

நான் நம்பவில்லை. வெண்புருவச் சின்னான் என்று இன்னொன்று உண்டு. குரலும் கிட்டத்தட்ட அதே மாதிரி, அதற்கும் கொஞ்சம் மஞ்சள் உண்டு. வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல் கேட்டேன். "கண்ணுக்கு மேல வெள்ளையா கோடு இருந்திச்சா? தலை மஞ்சளா, தொண்டை மட்டும் மஞ்சளா?"

"அதெல்லாம் நான் பாக்கல."

"பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பொய் சொல்லி எனக்கு இன்னாம்மா ஆவப்போவுது?" என்றார்.

மறுபடி குரல் வந்தபோது நான் அசையவில்லை. எங்கே என்று திரும்புவது? அப்போது அவர் எழுந்து என் பின்னால் வந்தார். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினார், கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் மேலே. வீட்டுக்கு வெளியே அவர் என் கையைக்கூடப் பிடித்ததில்லை. "அங்க. ரெண்டு பாறைக்கு நடுவுல."

இருந்தது. தலை முழுக்க மஞ்சள், புருவக்கோடு இல்லை. அலகில் அத்திப்பழத் துண்டு. துணை வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. அது மட்டும் பாறை ஓரமாகப் பறந்து மறைந்தது.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவர் நினைத்திருப்பார் என்று நினைத்தேன். பைக்கில் மலை இறங்கும்போது சொல்லிவிட்டேன்.

"உங்க மேல கோவம் இல்லங்க. ஆனா இனிமே தனியா வந்து நான் ஒண்ணும் பாக்க முடியாது. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"தெரியும். உள்ள போய்ட்டு வந்தா ஒன் மூஞ்சி வேற மாதிரி இருக்கும். வூட்ல அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அத பாக்கத்தான் கடைய மூடிட்டு வந்துகினு இருந்தேன். இன்னிக்கு அது இல்ல."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது.

மழை பெய்து அந்தச் சரிவில் இப்போது புல் வந்திருக்கிறது, முள் இன்னும் வரவில்லை. அதற்கப்புறமும் சில முறை போனோம். ஜோடியை நான் பார்க்கவே இல்லை. போன வாரம் குரல் மட்டும் கேட்டது. அவர் என் இடது பக்கம் குனிந்து, "எங்கன்னு காட்டட்டா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றேன். அது கத்தி முடிக்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.