பிளாஸ்டிக் மேலே சாக்கு

நான்கு வருடங்களுக்கு முன், கொல்லிமலையில், ஆடி மாத மழை விடாமல் நசநசத்த ஒரு காலையில், வளப்பூர் நாட்டுப் பஸ் நிறுத்தத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால், முதலில் என் வீட்டுக்காரர் மேல். அப்புறம் ஒரு கார் சீட்டின் மேல். அதற்கப்புறம் இன்னொருத்தி மேல். அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வாசலூர்பட்டி. படகு ஓடுகிற ஏரிக்குப் பக்கத்தில் டீ, மிளகாய் பஜ்ஜி, மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் விற்கிற கடை எங்களுடையது. என் பிறந்த வீடு வளப்பூர் நாட்டில். அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகு, நாலைந்து பலா மரம், சாமை போட ஒரு துண்டு காடு. அவருடைய உலகம் அவ்வளவுதான்.

கடை கொஞ்சம் தலையெடுத்ததும் என் வீட்டுக்காரர் சேலத்துப் புரோக்கர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கினார். காரைவிட அதன் சீட்டைப் பார்த்துத்தான் மனிதர் மயங்கிவிட்டார். அசல் தோல், சந்தன நிறம். "இருவது வருசம் ஆனாலும் இந்த சீட்டு அசையாதுங்க. வண்டி போயிரும், சீட்டு நிக்குமுங்க" என்று அந்தப் புரோக்கர் சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். ஊரில் யார் வந்தாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தொட்டுப் பாருங்க, அசல் தோலு" என்பார். தொட்டவர் கையை எடுத்ததும் அந்த இடத்தைத் துண்டால் துடைப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அதோடு விட்டாரா? நாமக்கல்லுக்குப் போய் தடிமனான கண்ணாடி பிளாஸ்டிக்கில் எல்லாச் சீட்டுக்கும் இறுக்கமாக உறை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். டிரைவர் சீட்டுக்கும் போட்டிருந்தார். ஆனால் எங்கள் மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாம் நாளே ஒரு வளைவில் பிளாஸ்டிக் வழுக்கி, மனிதர் ஸ்டியரிங்கை விட்டு ஒரு முழம் நகர்ந்துபோனார். உயிர் பயத்தில் அந்த ஒரு சீட்டின் உறையை மட்டும் கழற்றிவிட்டார். மற்றச் சீட்டுகள் மடிப்புக் கலையாத பட்டுப்புடவை மாதிரி மூடியே இருந்தன.

எனக்கு வளைவில் வாந்தி வரும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது தெரியும். கார் வந்த பிறகு, எனக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்கமாட்டார். "வாந்திக் கவரைக் கெட்டியாப் புடிச்சிருக்கியா?" என்றுதான் கேட்பார். பெண்டாட்டியைவிட சீட்டு உசத்தியாகிவிட்டது. பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஆடியில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வலது கண்ணுக்கு நாமக்கல்லில் ஆபரேஷன். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாங்களே காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? "பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வரவேண்டாம்ப்பா, ஊட்டு வாசல்ல ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கலாம்" என்று போனில் சொன்னேன். வீட்டு வாசல் வரை பாதை சேறாகிக் கிடந்ததால், அப்பா பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தார்.

மழையில் நனைந்து வேட்டி முழங்கால் வரை சேறு. தலையில் சாக்கை மடக்கிக் கவிழ்த்திருந்தார். காலடியில் ஒரு பெரிய பலாப்பழம், எங்களுக்காக அன்று காலையில் வெட்டிக்கொண்டு வந்தது. காம்பிலிருந்து வடிந்த பால் அவர் கையிலும் வேட்டியிலும் அப்பியிருந்தது. அந்தப் பிசின் எதில் ஒட்டினாலும் லேசில் போகாது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அப்பாவின் வேட்டியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்தான் பேசினேன். டிக்கியைத் திறந்து, கிழங்கு ஏற்றுகிற பழைய சாக்கு ஒன்றை எடுத்து, அந்த பிளாஸ்டிக் உறைக்கு மேலே விரித்தேன். "அப்பா, சீட்டு அழுக்காயிரும். இது மேல உக்காருங்க" என்றேன்.

நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் அப்பாவோடு பழகியவர்கள். தோலுக்கு மேலே பிளாஸ்டிக், பிளாஸ்டிக் மேலே சாக்கு, அதற்கு மேலே என்னைப் பெற்ற மனிதர். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அப்பா அந்தச் சாக்கைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்துச் சிரித்தபடியே, "நீங்க முன்னால போங்க மாப்ள. பஸ்ஸு வர்ற நேரந்தானுங்க. நான் அதுலயே வாரேன். ஆளுக கூடப் பேசிக்கிட்டு வந்தாப்புல இருக்கும்" என்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அட, உடு சாமி. பழத்தை மட்டும் எடுத்துப் போட்டுக்க" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

அந்த எழுபது வளைவையும் நாங்கள் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே இறங்கினோம். கூட்டமான பஸ். அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. பின் கண்ணாடி வழியாக அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தார். எங்கள் காரின் பின்சீட்டில் சாக்கு மட்டும் சொகுசாகப் பயணம் செய்தது. அன்றைக்கு எனக்கு வாந்தியே வரவில்லை. வயிறு முழுக்க எரிச்சல் இருந்தால் வாந்திக்கு இடமிருக்காது போல.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு திரும்பும்போதாவது காரில் வருவார் என்று நினைத்தேன். ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு இருக்கிறார் என்று சொல்லி மறுபடியும் பஸ்தான். கெஞ்சினேன், அழுதேன். "எனக்கென்ன சாமி கொறை?" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆடித் தீர்த்தேன். "எங்கப்பனைவிட உங்களுக்கு அந்த மாட்டுத் தோலு பெருசாப் போச்சா? கண்ணு தெரியாத மனுசனைக் கம்பியில தொங்க உட்டுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன். ஏரிக்கு வந்த டூரிஸ்ட்டுகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார். "நானா சொன்னேன்? நீதான புள்ள சொன்ன?"

உண்மைதானே? அவர் பார்த்தார், அவ்வளவுதான். சொன்ன நாக்கு என்னுடையது. அந்த உண்மை சுட்டதால் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. மறுநாள் மதியம் சாப்பிட வந்தவருக்கு அதே சாக்கைத் தரையில் விரித்தேன். "உக்காருங்க, தரை அழுக்காயிரும்" என்றேன். மனிதர் இரண்டு நாள் கடையிலேயே நின்றுகொண்டு பஜ்ஜி தின்றார்.

மறு கண்ணுக்கு ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வரவில்லை. மிளகு பறிப்பு என்பார், காட்டில் பன்றி என்பார், ஊரில் நோம்பி, திருவிழா என்பார். "ஒரு கண்ணு நல்லாத் தெரியுதுல்ல, அது போதும்" என்பார். எங்கள் வீட்டுக்கு வருவார், போவார், மருமகனிடம் மரியாதையாகப் பேசுவார். காரில் மட்டும் ஏறமாட்டார். கொட்டுகிற மழையானாலும் நிறுத்தத்தில் காத்திருந்து பஸ்ஸில்தான் போவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. மூன்றாவது வருடம், புரை பிடித்த இடது கண்ணால் படி இருப்பது தெரியாமல் மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியிலிருந்து காலைத் தவறவிட்டு விழுந்தார். நல்ல வேளை, எலும்பு உடையவில்லை. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அடுத்த தடவை எங்கே விழுவாரோ என்று எனக்குத் தூக்கம் போனது.

அதே சமயத்தில்தான் காரில் ஒரு நாற்றம். பூசணம் பிடித்த ஊறுகாய் மாதிரி ஒரு வாடை. ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை, ஊதுபத்தி கொளுத்தினாலும் போகவில்லை. என் வீட்டுக்காரர் எல்லா இடத்தையும் மோந்து பார்த்துவிட்டு, "உங்கப்பன் குடுத்து உடுற பலாப்பழ நாத்தம்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. கிழங்கு நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய் பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழித்தேன். "அய்யோ, சீட்டு!" என்று ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சந்தன நிறத்தைக் காணவே காணோம். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. மூன்று மழைக்காலத்து ஈரமும் மூடுபனியும் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் புழுங்கிக் கிடந்திருக்கிறது. விரலால் கிள்ளினால் ஊறிப்போன அப்பளம் மாதிரி தோல் கையோடு வந்தது. தையல் எல்லாம் இற்றுப்போய் உள்ளே பஞ்சு தெரிந்தது. ஆனால் உறை இல்லாத அந்த டிரைவர் சீட்டைப் பாருங்கள். தினமும் அவர் வியர்வையோடு உட்கார்ந்தது, மழையில் நனைந்த லுங்கியோடு உட்கார்ந்தது, பஜ்ஜி எண்ணெய்க் கையால் தொட்டது. அங்கங்கே இரண்டு சுருக்கம், ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம். மற்றபடி கல் மாதிரி இருந்தது.

நாமக்கல்லில் சீட்டு வேலை செய்கிறவரிடம் காட்டினோம். அவர் தலையிலடித்துக்கொண்டார். "தோலுக்குக் காத்து வேணுமுங்க. ஈரம் பட்டாத் தொடச்சுக் காயவச்சாப் போதும். ஆளு உக்காந்து எந்திரிச்சா ஒண்ணும் ஆவாதுங்க. நீங்க மூடி வச்சே கொன்னுட்டீங்களே" என்றார். என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பாவமே வரவில்லை. இந்த அழுகிப் போகிற சீட்டுக்காகவா என் அப்பா பஸ்ஸில் நின்றார் என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. புதுச் சீட்டு தைக்கலாமா என்று கேட்டார்கள். "ஒண்ணும் வேண்டாம், இப்படியே இருக்கட்டும். ஏறும்போதெல்லாம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன். துடைத்து, வெயிலில் காயவைத்து, கிழிசலோடு ஓட்டிக்கொண்டு வந்தோம்.

மறு வாரமே, இடது கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்தேன். "சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம். இந்தக் கால வச்சுக்கிட்டு பஸ்ஸுல நிக்க முடியாது. கார்லதான் வாரீங்க. இல்லீனா நான் உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்" என்று கறாராகச் சொன்னேன். "சரி சாமி, வாரேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே நிறுத்தம். அதே மாதிரி பொடித் தூறல். அப்பா கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இந்தத் தடவை பலாப்பழம் கொண்டு வரவில்லை. கையைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க மாமா" என்றார்.

அப்பா அக்குளில் எதையோ இடுக்கியிருந்தார். அதை எடுத்து உதறினார். ஒரு சாக்கு. துவைத்து, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்து, வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். குனிந்து அதைச் சீட்டின் மேல் ஓரம் சுருங்காமல் விரிக்க ஆரம்பித்தார். கிழிந்து பஞ்சு தெரிகிற அந்தச் சீட்டின் மேல்.

"என்னப்பா பண்றீங்க?" என்று அலறினேன்.

"வேட்டி ஈரமா இருக்குல்ல சாமி. சீட்டு அழுக்காயிரும்" என்றார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மகள் சொன்ன ஒரு விதியை மறக்காமல் கடைப்பிடிக்கிறவர் மாதிரி, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். "ஏம்ப்பா இப்படிக் கொல்றீங்க? சீட்டே செத்துப்போச்சு, பாருங்க!" என்று நடு ரோட்டில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் அந்தச் சாக்கை உருவி டிக்கியில் போட்டார். "சும்மா உக்காருங்க மாமா. தப்பு எங்களுது" என்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அப்பா ஏறினார். ஆனால் நாமக்கல் போய்ச் சேரும் வரை சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தார். முதுகைச் சாய்க்கவே இல்லை. ஈர வேட்டியின் பின்பக்கத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சாயுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஏணி ஏறி மிளகு பறிக்கிறார். கூப்பிட்டால் காரிலும் வருகிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன், வெயில் காலமானாலும், சலவை வேட்டியே கட்டியிருந்தாலும், கையைப் பின்னால் கொண்டுபோய் வேட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருகிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இன்னொருத்தி என்று முதலில் சொன்னேனே, அவள் நான்தான். வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிவிட்டேன், அவளிடம் மட்டும் இன்னும் ஆகவில்லை.

இருபது வருடம் நிற்கும் என்று சொன்ன தோல் மூன்று மழைக்குத் தாங்காமல் மக்கிப்போனது. அந்தப் பஸ் நிறுத்தத்தில் நான் சொன்ன ஒரே ஒரு வரிதான் ஒரு சுருக்கம்கூட விழாமல் இன்றும் அப்படியே இருக்கிறது.