கோணல் தெரியாத கால்சட்டை

தையல்கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு முதுகில் ஸ்க்ரூ வைத்து அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த பழைய வலி அதோடு ஒழிந்தது. ஆனால் நாலு மாதத்துக்குள் வேறொரு வலி வந்து குடியேறியது. பழையதாவது மின்னல் மாதிரி வரும், போகும். இது இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

வலியோடு இருப்பவருக்குப் பகல் சற்று எட்டவே நடக்கும். மேசைமேல் விரித்த துணி தண்ணீர் போலத் தெரியும். சாக்கட்டியால் போட்ட கோடு அதன்மேல் மிதக்கும். பக்கத்தில் ஓடும் தையல் மிஷின் அடுத்த தெருவில் பெய்யும் மழையாகக் கேட்கும். மாஸ்டர் வாடிக்கையாளர் சொன்ன அளவையே இன்னொரு முறை கேட்டார். தூக்கக் கலக்கம் என்று கடைக்கு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அறுவை செய்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஸ்க்ரூ எல்லாம் அம்சமா உக்காந்திருக்கு" என்றார். அடுத்தவர் சட்டையைத் தூக்கித் தையல் வடுவைப் பார்த்ததோடு சரி. தூக்க மாத்திரை எழுதினார். மூன்றாமவர், "மனசைக் கொஞ்சம் லேசா வச்சுக்கங்க" என்றார்.

"அத்தனை டாக்டரும் ஒண்ணுமில்லேங்கறாங்க. உங்களுக்கு மட்டும் எங்கேருந்துங்க வருது?" என்றாள் மனைவி. கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அதனால்தான் அது அவரைத் தைத்தது. வலி தீர வேண்டும் என்பதைவிட, அது இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாகிவிட்டது. நாளாக ஆக, அவருக்கே சந்தேகம் வந்தது.

மனைவியின் தம்பிதான் கடையில் மிஷின் ஓட்டுபவன். அவன் இன்னொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். நரைத்த குட்டை முடி, உரத்த குரல், அந்தம்மாவுக்கு.

"சட்டையக் கழட்டுங்க. பேன்ட்டையும்."

மாஸ்டர் நெளிந்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை. உள்ளாடையோடு நின்றவரைப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். வலது இடுப்பு ஏறியும் இடது தோள் இறங்கியும் இருந்தன. பிறகு நாற்காலியில் கிடந்த பேன்ட்டை எடுத்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தார். வலக்கால் நீளமாக இருந்தது.

"இது யார் தச்சது?"

"நான்தாங்க. இடுப்பு ஏறினதுல அந்தப் பக்கம் பேன்ட் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கோணல் தெரியக்கூடாதில்லீங்களா? தொழிலே அதானே."

"சட்டையில?"

"தோள்ல கொஞ்சம் பஞ்சு."

"கஸ்டமர்கிட்ட மறைங்க. டாக்டர்கிட்டயுமா?"

மச்சான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னிடமிருந்த ஒரே சாட்சியை அவரே வெட்டி, தைத்து, அயர்ன் பண்ணி மூடிவிட்டுத்தான் ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் போய் உட்கார்ந்திருந்தார். நடந்து காட்டச் சொன்னபோதுகூட, கண்ணாடிமுன் நிற்பவர் மாதிரி நிமிர்ந்தல்லவா நடந்தார்!

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் காலை மடக்கி, ஓரிடத்தில் அழுத்தினார். மாஸ்டர் கத்தினார்.

"முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டு இது. மேல எலும்பைச் சேர்த்து இறுக்கிட்டதால பாரமெல்லாம் இதுமேல விழுதுன்னு நினைக்கறேன். நிச்சயம் பண்ண, மரத்துப்போற ஊசி ஒண்ணு போடணும். வைத்தியமில்ல, சோதனைதான். சந்தேகம் சரின்னா சில மணி நேரம் வலி காணாமப் போகும். போகலேன்னா வேற இடத்தைத் தேடணும். போட்டதும் வீட்டுல போய்ப் படுத்துடாதீங்க. எதைச் செஞ்சா வலிக்குமோ அதைச் செய்யுங்க."

மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டு மாஸ்டர் கடைக்குப் போனார். கருநீலக் கம்பளித் துணியை மேசையில் விரித்துக் குனிந்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் குனிந்தார். கத்தரி ஓசையின்றி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் நூல்தூசி மெதுவாகச் சுற்றியது. தன் உடம்பை யாரோ கழற்றி ஆணியில் மாட்டிவிட்டது போல இருந்தது அவருக்கு. ஒரு முழுக் கோட்டுக்கு வேண்டிய துணியையும் வெட்டி முடித்தார்.

"மாமா, போதும். அடுத்த வாரத்துக்கும் சேர்த்து வெட்டிடாதீங்க."

"சும்மா இரு மாப்ள. கனவைக் கலைக்காதே."

மாலையில் வலி திரும்பியது. முதலில் பனி போல, பிறகு கல் போல. வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்து நின்றார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நடுவுல சுத்தமா இல்லே."

அவளே டாக்டருக்குப் போன் போட்டாள். "வலி வந்துடுச்சு டாக்டர்! போயிட்டு வந்துடுச்சு!" என்றாள். கல்யாணச் சேதி சொல்லும் குரல்.

"நம்ம குடும்பம்தான் இதுக்குச் சந்தோஷப்படும்" என்றான் மாஸ்டரோடு கூட வந்திருந்த தம்பி.

அவள் அவனைக் கையமர்த்திவிட்டு, டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அந்த மூட்டுதான், சந்தேகமில்லை. பயிற்சி, இடுப்புப்பட்டை, தேவைப்பட்டால் இன்னொரு ஊசி. முழுக்கச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது.

போனை வைத்தவள் உள்ளேயிருந்து தலையணை எடுத்து வந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது."

"எந்தப் பக்கம் படுக்கறீங்க சொல்லுங்க. முழங்காலுக்கு நடுவுல இதை வைக்கணுமாம்."