டிரிப்பை நிறுத்திய பிறகு

கொருக்குப்பேட்டை சுகாதார நிலையத்தில் நர்ஸ் டோரதிக்கு இது பத்தொன்பதாவது வருஷம். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து டிரிப் ஏற்றும்போது முதல் பத்து நிமிஷம் கட்டிலை விட்டு நகரமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் ஆஸ்பத்திரியில், பழைய வகை இரும்பு ஊசி போட்டுக்கொண்ட பெண்ணொருத்தி அவர் கண்ணெதிரே மூச்சடைத்து இறந்தாள். இப்போது வரும் மருந்தில் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. தெரிந்தும் கால் நகராது.

அன்று கட்டிலில் மகிழினி. ஏழு மாதம். பதினொன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழரைதான். மாத்திரை போட்டால் வாந்தி. கணவன் துரை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவன்.

"நாளெல்லாம் இரும்பு தூக்கினு கீறேன். என் வூட்டுக்காரி ஒடம்புல இரும்பு இல்லியாம்" என்று சிரித்தான்.

பால் விடாத டீ நிறத்தில் மருந்து சொட்டத் தொடங்கியது. மூன்றாவது நிமிஷம் மகிழினியின் முகம் செக்கச்செவேலென்று ஆனது.

"சிஸ்டர், நெஞ்ச அமுக்குது. முதுகும் புடிக்குது."

டோரதி டிரிப்பை நிறுத்தினார். டாக்டர் மாடியில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா கெங்கம்மா அவரை அழைக்க ஓடினாள்.

"இன்னா சிஸ்டர் பண்ணீங்க?" துரை கத்தினான். "அலர்ஜி ஊசியாவது போடுங்க!"

டோரதி போடவில்லை. அந்த ஊசியே சில சமயம் பிரஷரை இறக்கி, சின்னத் தொந்தரவைப் பெரிதாக்கிவிடும். உயிருக்கு ஆபத்தென்றால் போட அட்ரினலினை மட்டும் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்தார்.

பிரஷர் நூற்றுப் பத்து. மூச்சில் இழுப்பு இல்லை. உதடு வீங்கவில்லை. தோலில் தடிப்பும் இல்லை. மறுபடி பிரஷர். நூற்றெட்டு. துரை அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தம்பி, கைய எடுங்க. அவங்கள இடது பக்கமா சாய்ச்சுப் புடிங்க."

இது அடங்குமா, முற்றுமா? டோரதி மகிழினியின் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது நிமிஷம் சிவப்பு வடிந்தது.

"இப்ப பரவால்ல சிஸ்டர்" என்றாள் மகிழினி.

டாக்டர் மூச்சிரைக்க வந்து பார்த்தார். "இது அலர்ஜி இல்ல. சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. அரை மணி பாத்துட்டு, மெதுவா ஏத்துங்க."

"வோணாம், வூட்டுக்குப் போலாம்" என்று துரை மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"நீ வெளிய குந்து. மூணு படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குது. பெத்துக்கறப்ப ரத்தம் போச்சுன்னா உன் ரத்தத்தையா குடுப்ப?"

அவன் வெளியே போய் உட்கார்ந்தான். மருந்து முழுதும் இறங்கியது. அடுத்தடுத்து ஏற்ற வேண்டியிருந்த நான்கு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. பிரசவத்தின்போது ரத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போனது. தாங்கிக்கொண்டாள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.