வயது வந்தவள், வயசுக்கு வந்தவள்

நான் இரண்டு முறை வயதுக்கு வந்தேன். முதல் முறை பன்னிரண்டில், எல்லாப் பெண்களையும் போல வீட்டில். இரண்டாவது முறை பதினெட்டில், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பேங்கில். இரண்டுக்கும் நடுவே ஒரு ‘க்கு’தான் வித்தியாசம். அந்த ‘க்கு’ எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போடுகிற வேலை. பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவில்லை. பர்மனென்ட்காரர்களுக்கு பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம். எங்களுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே ஷீட் போட்ட வாடகை வீடு. இதில் எனக்கு இன்றுவரை எரிச்சல் உண்டு. மறைப்பானேன்.

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் அப்பா என் பேரில் கணக்கு ஆரம்பித்தார். ஓவர்டைம் பார்த்துக் கையில் கொஞ்சம் மிஞ்சினால் அதில் போட்டுவிட்டு வருவார். “எங்கிட்ட பர்மனென்ட்டுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்” என்பார். கணக்கு ஆரம்பித்த அன்று ஆபீஸர் நல்ல தமிழில், “பொண்ணு வயது வந்ததும் எடுத்துக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம், “பொண்ணு வயசுக்கு வந்ததும் எடுத்துக்கலாமாம்” என்றார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் பெண்பிள்ளைக்கு வயசு என்றால் அது ஒன்றுதான்.

அதனால் ஏழாம் வகுப்பில் நான் பெரியவளானதும் அம்மா அந்தப் பணத்தை நம்பி மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பேசிவிட்டாள். அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்த ஒரு காலையில், பாஸ்புக்கையும் என்னையும் பிடித்துக்கொண்டு பேங்குக்குப் போனாள். அன்று பென்ஷன் நாள். ஹால் நிறைய ரிட்டயர் ஆனவர்கள்.

கவுண்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, “பொண்ணு இன்னும் மைனர்ம்மா. வயது வரணும்” என்றார்.

“வந்துட்டா சார்.”

“இல்லம்மா, வரல. இதுல போட்டிருக்கே.”

“அதுல எப்படிங்க சார் போட்டிருக்கும்? போன வாரந்தான வயசுக்கு வந்தா. பக்கத்து வூட்டு அக்காதான் தண்ணி ஊத்தனாங்க. வேணும்னா இட்டாந்து காட்டவா?”

வரிசையில் யாரோ இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் வெளிப்படையாகவே சிரித்தார். கவுண்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மெதுவாகப் பதினெட்டு வயது என்று விளக்கினார். ஊரைச் சுற்றி அவ்வளவு பெரிய பள்ளங்களைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு நான் விழுந்து மறைய ஒரு சின்னக் குழி கிடைக்கவில்லை.

மண்டபம் போய், வாசலில் பந்தல் ஆயிற்று. விஷயத்தைக் கேட்டு அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதோடு விட்டாரா? கூட வேலை செய்பவர்களிடமெல்லாம், “எம் பொண்ணு வூட்டுல வயசுக்கு வந்துட்டா, பேங்குல இன்னும் வரல” என்று சொல்லி வைத்தார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சமாதானத்துக்கு வந்தவர் என் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். “அடுத்த தபா நீ வயசுக்கு வர்றப்ப ஷிஃப்ட்ட வுட்டுட்டு நானே கூட வர்றேன். வரிசையில நின்னுக்கினு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். எவன் சிரிக்கிறான்னு பாப்போம்.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா இறந்தார். சுரங்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்து, “பொண்ணு அழுவலியே, அழ வைங்க” என்றார்கள். ஒரு அத்தை கட்டிப்பிடித்து உலுக்கியும் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி முழுக்க மரத்துப்போயிருந்தேன். பரீட்சை எழுதினேன். மார்க் வந்தது. பாண்டிச்சேரியில் நர்சிங் சீட் கிடைத்தது. இனிப்பு கொடுத்தார்கள், தின்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். என் கணக்கில் இருந்ததைத் தவிர எங்களிடம் வேறு பணம் இல்லை. பதினெட்டும் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் அதே பேங்குக்குப் போனோம்.

இந்த முறை ஒரு மேடம். உட்காரச் சொன்னார். கணக்கை என் பொறுப்புக்கு மாற்ற என் புதுக் கையெழுத்து வேண்டும், இதுவரை கார்டியனாக இருந்தவர் அதற்குச் சாட்சி போட வேண்டும் என்றார். “கார்டியன் வந்திருக்காரா?”

அம்மா பையிலிருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தாள். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று லேமினேட் செய்து வைத்திருந்தாள். மேடம் அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் அம்மாவே சாட்சி போடலாம் என்றார். பிறகு ஃபாரத்தைப் பார்த்தபடியே, சாதாரணமாகத்தான் கேட்டார். “பொண்ணு மேஜர் ஆயாச்சுல்ல?”

அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“வயசுக்கு வந்துட்டாங்க மேடம்” என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது. “அவரு வந்து சொல்றேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அதான் நான் சொல்றேன்.”

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. டோக்கன் நம்பரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். நான் அந்தப் பழைய வெட்கத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமாவது வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வியாழக்கிழமை பணம் எடுக்கலாம், ஃபீஸுக்குச் சரியாக இருக்கும் என்றார் மேடம். சீட் தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். பேர், விலாசம், ஆதார் எல்லாம் எழுதினேன். கடைசியில் நாமினி என்று ஒரு கட்டம். “உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பணம் யாருக்குப் போகணும்னு எழுதும்மா” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மேடம் வாங்கிப் படித்தார். மேஜைமேல் கிடந்த லேமினேட் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அப்பாவின் பேரை எழுதியிருந்தேன்.

“பரவால்லம்மா” என்றார் மேடம். “அடிச்சிட்டு அம்மா பேரை எழுது. அடிச்ச இடத்துல நீ ஒரு கையெழுத்து போடணும். இனிமே எல்லாத்துக்கும் நீதான் போடணும்.”

அப்பாவின் பேருக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வயது வந்த பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அது. இனிஷியல் அவருடையது.

பேனாவை மூடி வைத்துவிட்டு, ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுதேன்.