சத்தம் போடத் தேவையில்லாத வண்டி

அவளுக்குக் கிளட்ச் அக்கா என்று முதலில் பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவள் பயிற்சியாளர். கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கையும் கிளட்சையும் காவல் காத்தபடி, "கிளட்ச்! கிளட்சை மிதிங்க!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவாள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் கிளட்சை ஒருமுறை மிதித்துக்கொள்வார்கள்.

கற்றுக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளிடம் கடைசி நாள் வரை தாக்குப்பிடித்தவர்கள் யாரும் தேர்வில் தோற்றதில்லை. ஆனால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே கம்பி நீட்டிவிடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீரும் வரவழைத்தார். தேநீர் வந்தபோதே அவளுக்கு விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நீங்க கத்துறதுல பயந்துபோய் வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடறாங்க."

"நானா கத்துறேன்? உங்க வண்டி கத்த வைக்குது," என்றாள் அவள். "அந்தக் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் விட்டா குதிக்குது, இன்னும் கொஞ்சம் விட்டா நின்னுடுது. கத்தாம தாலாட்டா பாட முடியும்?"

இதை அவள் சாக்காகச் சொல்லவில்லை, மனதார நம்பினாள். நம்பிய சூட்டோடு வேலையையும் விட்டாள். சொந்தமாக ஒரு பள்ளி, அதற்கு ஒரு புதுக் கார் என்று முடிவாயிற்று. இத்தனை வருடச் சேமிப்பும் அந்த ஒரு வண்டிக்குத்தான் காணும். அதிலும் ஆட்கள் ஓடிப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை, நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டால் ஊரில் வாயுள்ளவர்கள் எல்லோரும் நிபுணர்களாகிவிடுவார்கள். முதலில் வந்தவன் அவள் தம்பி.

"வாங்குறதே வாங்குற, கொஞ்சம் பெருசா வாங்குக்கா. மலையெல்லாம் சும்மா ஏறும்."

"என்கிட்ட படிக்கிறவங்க மேம்பாலம் ஏறவே கண்ணை மூடிக்கிறாங்க. நீ மலைக்குப் போயிட்ட."

"அப்ப கியர் போடவே வேண்டாத வண்டி வாங்கு. கிளட்சே கிடையாது, தொல்லை விட்டுச்சு."

கிளட்ச் அக்காவுக்கு யாரோ தன் பெயரை அழித்துவிட்ட மாதிரி இருந்தது. கியர் போடத் தெரியாதவருக்குத் தேர்வில் உரிமம் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டு அவனை அனுப்பிவைத்தாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. புதிதாக ஓட்டுபவருக்கு வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். பக்கக் கண்ணாடி மலிவாகக் கிடைக்க வேண்டும், ஏனென்றால் அது மாதம் ஒன்று உடையும். நாள் முழுக்க முதல் கியரிலேயே ஊர்ந்தாலும் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். அது மட்டும் அமைந்தால் வாயைத் திறக்கும் வேலையே இருக்காது.

ஆனால் அதை எப்படிச் சோதிப்பது? அவள் கால் பட்டால் எந்த முரட்டு வண்டியும் அடங்கிவிடும். தனக்குத் தெரிந்தவர்களிலேயே மோசமாக ஓட்டும் ஒரு கால் அவளுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கால் அவள் வீட்டிலேயே இருந்தது.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழை பிசகாத கை. கல்யாணமான புதிதில் பள்ளி வண்டியிலேயே அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். நாலு தெரு கூடும் இடத்தில் வண்டி நின்றுபோனது, இவள் கத்தினாள். அவர் சாவியை உருவி இவள் கையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கார் என்ற பேச்சு எடுத்தால் செய்தித்தாள் அவர் முகத்துக்கு முன்னால் எழும்பிவிடும். இவளும் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"ஏங்க, ஒரே ஒரு நாள் வாங்க," என்றாள் இப்போது. "உங்க கால்ல நிக்காத வண்டி யார் கால்லயும் நிக்காது."

"இது பாராட்டா?"

"இல்லீங்க. தேவை."

செய்தித்தாள் எழும்பியது. ஆனால் சேமிப்பு முழுக்கப் போகிறது என்பது அவருக்கும் தெரியும். மறுநாள் காலை அவளுக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்போடு நின்றார்.

கார் விற்கும் கடையில் விற்பனைப் பையன் மூன்று வண்டிகளைக் காட்டினான். ஒன்று கடன் வாங்காமல் தொட முடியாது. நடுவில் இருந்தது அவள் கையிருப்பைத் துடைத்து எடுத்துக்கொள்ளும். மூன்றாவது மலிவு. அதன் கிளட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்ததுமே அவள் முகம் சுளித்தாள். பழைய பள்ளி வண்டிக்குக் கூடப்பிறந்தது போலிருந்தது.

உரிமம் இல்லாதவரைத் தெருவில் ஓட்டவிட முடியாது என்பதால், வண்டிகளை இறக்கும் பின்பக்க மைதானத்துக்கு அழைத்துப்போனான். அவள் பழக்க தோஷத்தில் முன்கதவைத் திறந்தாள்.

"மேடம், அங்க நான்தான் உக்காரணும். கம்பெனி ரூல். நீங்க பின்னாடி வந்துடுங்க."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பின்னால் உட்கார்ந்தாள். கால் வைக்கப் பிரேக் இல்லை, கிளட்ச் இல்லை.

விலை கூடிய வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு ஆச்சரியமில்லை, அந்தக் காசுக்குப் போகத்தான் வேண்டும். நடு வண்டியும் முனகாமல் கிளம்பியது. அவள் மனதில் அதை முடித்தேவிட்டாள். மலிவு வண்டியில் அவர் ஏறியபோது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தாள்.

அது குதித்தது, நின்றது. அவள் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் பையனின் குரல் வந்தது.

"பரவால்ல சார். மெதுவா. நமக்கு என்ன அவசரம்?"

வாடிக்கையாளரைத் திட்டினால் அவனுக்கு வேலை போய்விடும், அவ்வளவுதான். ஆனால் அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினார். லென்ஸ் தேய்ப்பவர் மாதிரியே நிதானமாகக் காலைத் தூக்கினார். வண்டி கிளம்பியது. ஒரு சுற்றுப் போனது. பையன் சொல்லாமலே இரண்டாவது கியருக்கு மாறியது. இன்னொரு சுற்றுப் போனது. எங்காவது நிற்காதா என்று பின்னால் இருந்தவள் ஏங்க ஆரம்பித்தாள். நிற்கவில்லை.

அவர் இறங்கியபோது முகமெல்லாம் பல். "மூணுமே நல்லா ஓடுது. எதை வேணா வாங்கு."

கிளட்ச் அக்காவுக்குச் சுருக்கென்றது. முதல் வண்டிக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும், மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அது. இந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை.

பையன் கொஞ்சம் தள்ளிப் போனதும் மெல்லக் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பள்ளிக்கூட வண்டி... அதுகூட உங்களுக்கு ஓட்ட வந்திருக்குமாங்க?"

அவர் நாணயமான மனிதர், யோசித்தார்.

"வந்திருக்கும். நான் இறங்கினதுக்குப் பதிலா நீ இறங்கியிருந்தா."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. ஓடிப்போனவர்களில் பலர் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேராகப் பையனிடம் போய் மலிவு வண்டியைப் பதிவு செய்யச் சொன்னாள்.

அவனுக்குப் புரியவில்லை. "அந்த நடு வண்டி உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருந்துச்சே மேடம். கிளட்ச் ரொம்ப சாஃப்ட்."

"இனிமே வண்டி மேல பழி போட முடியாது தம்பி. அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?"