சிலுவைமுத்துவின் தொண்டை

ராயபுரம் சிலுவைமுத்துவுக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி வந்தபோது வயது அறுபத்தெட்டு. துறைமுகத்தில் கீழே நின்று, கிரேன் மேலே இருக்கிறவனுக்குக் கேட்கும்படி கத்திப் பிழைத்த மனுஷன். ரிட்டையர் ஆனதும் அந்தத் தொண்டையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். பாடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. முதல் வரிசையில் நின்று அவர் எடுத்தால், ஆர்மோனியம் வாசிக்கிற லூயிஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

கட்டியை மறைக்கக் கத்திரி வெயிலில் மப்ளர் சுற்றிக்கொண்டு திரிந்தவரை, மனைவி அடைக்கலமேரிதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் தண்ணீரை விழுங்கச் சொல்லி, கட்டி ஏறி இறங்குவதைத் தடவிப் பார்த்தார். சோதனைகளும் எடுத்தார்.

"தைராய்டு கட்டி, பெரியவரே. வயசானவங்க நிறைய பேருக்கு வரும். பெரும்பாலும் கெடுதல் இல்லை. இப்போ ஆபரேஷன் வேணாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. வேகமா வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ அன்னிக்கே வரணும்."

கிழவர் காதில் விழுந்தது 'ஆபரேஷன் வேணாம்' மட்டும்தான். "டாக்டர்னா இவன் டாக்டரு! ஒண்ணும் இல்லேன்ட்டான்," என்று தெருவெல்லாம் தம்பட்டம். ஆறு மாதம் ஆனது. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தில் குரல் கம்மியது. யாருக்கும் ஆச்சரியமில்லை. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை ஜெபத்தில் ஊர் அதிரப் பாடினால் வருஷா வருஷம் போகிற குரல்தானே? போகாவிட்டால்தான் பக்தி போதவில்லை என்று பேசுகிற தெரு அது. "ஆண்டவருக்காகப் போன தொண்டை, மாமு," என்று லூயிஸ் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அடைக்கலமேரிக்கு மட்டும் பயம். "இந்தா பாருய்யா, டாக்டரு இன்னா சொன்னாரு? வா, போய்க் காட்டிகினு வருவோம்."

"ஈஸ்டர் வந்தா சரியாப் பூடும். கம்முனு இரு." வார்த்தை வந்தது, சத்தம் வரவில்லை. ஜம்பம் மட்டும் அப்படியே இருந்தது.

ஈஸ்டர் வந்தது. காலைப் பூசையில் கோயிலே எழுந்து அல்லேலூயா பாடியது. பெண்கள் பக்கம் நின்ற அடைக்கலமேரிக்கு, மெல்லிசாக ஒரு குரல் காதருகே கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யார் குரலும் அப்படி இல்லை. அது அவள் குரல்தான். அவர் ரிட்டையரான நாளிலிருந்து, அவர் சத்தத்தில் அந்தக் கோயிலில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவர் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பூசை முடியும்வரை அவள் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க முதல் வரிசைக்குப் போய் அவர் மப்ளரைப் பிடித்தாள். "நட," என்றாள். கிழவர் அவள் பின்னால் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.